மூன்று அத்தைகளும் கழற்றி வைத்த காலும்

இந்தப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றேகால் கிலோ. மார்பில் வைத்தால் மூச்சு முட்டுகிறது, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது. தலையணையைக் குறுக்கே போட்டு அதன்மேல் வைத்துத்தான் மூன்று மாதமாகப் படித்தேன். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் முழுவதும், மார்கரெட் ஹன்ட் 1884இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிறார்கள். எனக்கு வந்தது அப்படி யாரோ அச்சடித்த 499 ரூபாய்ப் பதிப்பு. படம் ஒன்றுகூட இல்லை. எழுத்துகள் எறும்பு வரிசை. நடுவில் இடம் விடாமல் அச்சடித்திருப்பதால் விரலை உள்ளே விட்டு விரித்தால்தான் வரியின் கடைசிச் சொல் தெரியும். அப்படி விரித்து விரித்து இருநூறாம் பக்கம் தாண்டுவதற்குள் தையல் விட்டுவிட்டது. தையல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெறும் பசைதான்.

கூடவே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதைகள், இதுவும் ஆங்கிலத்தில். பழைய புத்தகக் கடையில் 120 ரூபாய். கெட்டி அட்டை, மஞ்சளேறிய தாள், நல்ல தையல். முன்பு வைத்திருந்தவர் சில கதைகளுக்கு மட்டும் பென்சிலில் நட்சத்திரம் போட்டிருக்கிறார். அவருடைய ரசனையும் என்னுடையதும் ஓரிடத்திலும் ஒத்துப்போகவில்லை.

இரண்டும் அண்ணன் மகளுக்காக வாங்கியவை. ஒன்பது வயது. எனக்கு இடது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்துவிடுகிறது. பத்தொன்பது வயதில் ஒரு ஸ்கூட்டர் விபத்து, ஆகிவிட்டது இருபத்திரண்டு வருடம். ராத்திரி காலைக் கழற்றிக் கட்டிலடியில் சாய்த்து வைப்பேன். அவளுக்கு அது செருப்பைக் கழற்றி வைப்பது மாதிரி. பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், அதனால் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்டது வேறொன்று. தொலைக்காட்சியில் ஏதோ பொம்மைப் படம் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, சூனியக்காரிகள் எல்லோரும் ஏன் கோல் ஊன்றிக்கொண்டே வருகிறார்கள்?" என்றாள். பதில் தெரியவில்லை. மூலத்திலேயே அப்படித்தானா, படம் எடுத்தவர்கள் சேர்த்ததா என்று பார்த்துவிடலாம் என்று வாங்கினேன்.

ஆகவே இது கிரிம் கதைகளைப் பற்றிய முழு மதிப்புரை அல்ல. காட்டின் வர்ணனையையும் ஹன்ட் அம்மையாரின் நடையழகையும் வேறு யாராவது எழுதுவார்கள். எந்தக் கதையில் யாருடைய உடம்பு என்ன பாடுபடுகிறது, யாருக்குக் கால் போகிறது, போன கால் திரும்பி வருகிறதா, வந்தால் எதற்கு வருகிறது என்று மட்டும் பென்சிலும் கையுமாகப் பார்த்தேன். கணக்கெழுதும் வேலையில் இருப்பவளுக்கு வேறெப்படிப் படிக்க வரும்?

முதல் தொகுதி 1812 டிசம்பரில் வந்தது. அதில் 86 கதைகள். 1857இல் வந்த ஏழாம் பதிப்பில் 200 கதைகளும் அவற்றோடு 10 சமயக் கதைகளும் இருந்தன. நாம் இன்று படிப்பது பெரும்பாலும் அதன் வழியில் வந்தவை. 1812இல் சகோதரர்கள் வாழ்ந்த காசெல் நகரம் நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்ட வெஸ்ட்ஃபாலியா ராஜ்யத்தின் தலைநகரம். அண்ணன் யாக்கோப் அந்த ராஜாவிடம் நூலகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அதே வருடம் செப்டம்பரில் ரஷ்யாவின் போரோடினோ போரில், நெப்போலியனின் ராணுவ மருத்துவர் லாரே ஒரே நாளில் ஏறக்குறைய 200 கை கால்களை அறுத்தார் என்று சொல்வார்கள். கால் போன ஆள் அந்தக் கதைகளைக் கேட்டவர்களுக்குக் கற்பனைப் பிராணி இல்லை. தெருவில் எதிரே வருபவர்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல கதைகள் வேறு மாதிரி தெரிகின்றன.

அண்ணன் மகளின் கேள்விக்குப் பதில் 15ஆம் கதையில் இருக்கிறது. ஹான்சலும் கிரெட்டலும். மூலத்திலேயே சூனியக்காரி ஊன்றுகோலை ஊன்றித்தான் வெளியே வருகிறாள். போதாததற்கு, சூனியக்காரிகளுக்குச் சிவந்த கண், தூரப் பார்வை கிடையாது, மோப்பம் மட்டும் மிருகம்போல் என்று பொதுவிதியே சொல்லப்படுகிறது. அவளுக்குக் கண் சரியாகத் தெரியாததால்தான், தின்பதற்குக் கொழுத்துவிட்டானா என்று பார்க்க அவள் விரலை நீட்டச் சொல்லும்போது, பையன் விரலுக்குப் பதிலாக எலும்பை நீட்டி ஏமாற்றுகிறான். பிள்ளைகளைத் தின்னப் பார்ப்பவள்மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் தின்பதற்கும் கால் தளர்ந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. கோல் வந்ததும் கெட்டவள் வந்துவிட்டாள் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நாடகத்தில் மிளகாய்ப்பழ நிறத்தில் கண்ணுக்கு மை தீட்டுவதுபோல.

நான் எதிர்பாராதது அதற்கு முந்தைய கதை. 14ஆம் எண். மூன்று நூற்காரிகள்.

நூல் நூற்கச் சோம்பல்படும் பெண் ஒருத்தி. தாய் அடிக்கிறாள். அழுகைச் சத்தம் கேட்டு அவ்வழியே போன ராணி வண்டியை நிறுத்தி விசாரிக்கிறாள். மகள் சோம்பேறி என்று சொல்ல வெட்கப்பட்டுத் தாய் மாற்றிச் சொல்கிறாள்: இவளுக்கு நூற்பதை நிறுத்தவே மனம் வருவதில்லை, நான் ஏழை, இத்தனை சணலுக்கு எங்கே போவேன்? ராணிக்கு ஒரே மகிழ்ச்சி. பெண்ணை அரண்மனைக்கு அழைத்துப்போய் மூன்று அறை நிறையச் சணலைக் காட்டி, இதை நூற்று முடித்தால் மூத்த மகனுக்கு உன்னைக் கட்டிவைக்கிறேன் என்கிறாள். முந்நூறு வருடம் நூற்றாலும் முடியாத சணல். பெண் மூன்று நாள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே மூன்று பெண்கள் வருகிறார்கள். ஒருத்திக்கு அகன்று தட்டையான பாதம். ஒருத்திக்குக் கீழுதடு மோவாய்க்குக் கீழே தொங்குகிறது. மூன்றாமவளுக்குப் பட்டையான கட்டைவிரல். நாங்கள் நூற்றுத் தருகிறோம் என்கிறார்கள். கூலியாகக் கேட்பது பொன்னும் இல்லை, முதல் பிள்ளையும் இல்லை. உன் கல்யாணத்துக்கு எங்களை அழைக்க வேண்டும். எங்களைப் பார்த்து வெட்கப்படக் கூடாது. அத்தை என்று கூப்பிட வேண்டும். உன் மேசையில் எங்களுக்கு இடம் போட வேண்டும்.

இந்த நான்கு நிபந்தனைகளையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

எங்கள் உறவில் ஒரு கல்யாணம். ஊரைச் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை. மணமேடைக்கு ஆறு படி, கைப்பிடி கிடையாது. புகைப்படத்துக்குக் குடும்பத்தை அழைத்தபோது பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீ கீழேயே இரும்மா, உனக்கு எதற்குச் சிரமம்" என்றார். எவ்வளவு கனிவாகச் சொன்னார் தெரியுமா? அந்தக் கனிவினாலேயே பதில் பேச முடியவில்லை. ஆறு படியை நான் ஏறுவேன். நான் கணக்கெழுதும் சங்க அலுவலகம் மாடியில், தினமும் இருபத்திரண்டு படி ஏறுகிறேன். ஆல்பத்தில் நான் இல்லை. கதையில் அந்த மூன்று பெண்களும் முன்னாலேயே பேசி முடிவு செய்துகொண்டது இதற்குத்தான். வெட்கப்படக் கூடாது என்பதை உதவிக்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். விவரமானவர்கள்.

அத்தை என்ற சொல்லைப் பற்றி ஓர் இடைச்செருகல். ஹன்ட் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என்று எல்லோருக்கும் பொது. தமிழில் சொல்லும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஜெர்மன் மூலத்தில் இருப்பது 'பாசெ'. இப்போது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று பொருள், ஆனால் மிகப் பழைய வழக்கில் அது தகப்பனாரின் உடன்பிறந்தாளைக் குறித்தது. ஆக அத்தை என்றே சொன்னேன். அண்ணன் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று மேலே படித்தேன்.

கல்யாணத்தன்று மூவரும் விநோதமான உடுப்பில் வருகிறார்கள். மணப்பெண் வாக்குத் தவறவில்லை. வாருங்கள் அத்தை என்று வரவேற்று உட்காரவைக்கிறாள். மாப்பிள்ளை முகம் சுளிக்கிறான். இவ்வளவு அவலட்சணமான சொந்தம் உனக்கு எங்கிருந்து வந்தது என்கிறான். ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்கிறான். பாதம் ஏன் இப்படி? மிதித்து மிதித்து. உதடு ஏன் இப்படி? நக்கி நக்கி. விரல் ஏன் இப்படி? நூலை முறுக்கி முறுக்கி. பதறிப்போய், என் மனைவி இனி ராட்டையைத் தொடவே கூடாது என்கிறான். பெண் தப்பித்தாள்.

எங்கள் அப்பத்தா அருப்புக்கோட்டையில் ஐம்பது வருடம் ராட்டையில் தார், அதாவது தறிக்கான நூல்கண்டு, சுற்றினார். குழித்தறியில் தாத்தா, வாசல் திண்ணையில் அப்பத்தா. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. சின்ன வயதில் அதில் ஊசியைப் படுக்க வைத்து விளையாடியிருக்கிறேன், ஊசி உருளாமல் நிற்கும். தாத்தா கடைசிக் காலத்தில் நின்றாலும் குழியில் உட்கார்ந்திருப்பவர்போல் முழங்கால் மடங்கியே இருக்கும். அதனால் 'மிதித்து மிதித்து' என்ற பதில் எனக்குப் புதிதில்லை. இந்தப் புத்தகத்தில் நான் பார்த்தவரை, ஓர் உடம்பு ஏன் இப்படி ஆனது என்பதற்கு சாபம், பாவம், பிசாசு என்று சொல்லாமல் வேலை என்று பதில் சொல்லும் கதை இது ஒன்றுதான். அந்தக் கேள்வியை அந்த உடம்புக்காரியிடமே நேராகக் கேட்டு, அவள் வாயாலேயே பதில் வருவதும் இதில்தான்.

குறை இல்லாமல் இல்லை. இளவரசன் முகம் சுளித்ததற்கு யாரும் அவனைக் கண்டிப்பதில்லை. அவன் பயப்படுவது தன் மனைவியின் அழகு போய்விடுமே என்றுதான். அத்தைகள் மூவரும் அவனுக்கு எச்சரிக்கைப் பலகை. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. தங்களைப் பார்த்தால் அவன் கேட்பான் என்றும், கேட்டால் பயப்படுவான் என்றும் அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அழை என்று சொன்னது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. தங்கள் உடம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் கடைசிவரை யாருடைய காலும் உதடும் விரலும் 'சரியாகாமல்'.

அந்தச் 'சரியாவது'தான் என் பெரிய சண்டை. 31ஆம் கதை, கையில்லாத பெண். ஆலைக்காரன் செல்வத்துக்கு ஆசைப்பட்டு அறியாமல் மகளைப் பிசாசுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறான், பிசாசு மிரட்டியதும் தானே அவள் கைகளை வெட்டுகிறான். வெட்டிவிட்டு, இனி உன்னை வாழ்நாளெல்லாம் பட்டுப்போல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அவள் வேண்டாம் என்று சொல்லி, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ராத்திரி ராஜாவின் தோட்டத்தில் எட்டி வாயாலேயே ஒரு பேரிக்காயைத் தின்கிறாள். பழங்களெல்லாம் எண்ணி வைக்கப்பட்டவை, அதனால் மறுநாள் தெரிந்துவிடுகிறது. இதுவரை அற்புதம். வெட்டுப்பட்டவள் பரிதாபத்தை மறுத்து வெளியேறுவதை இவ்வளவு சுருக்கமாக இருநூறு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ராஜா அவளைக் கட்டிக்கொண்டு வெள்ளியில் கைகள் செய்துகொடுக்கிறான். இங்கே நின்றுவிட்டேன். அந்த வெள்ளிக் கைகளால் அவள் எதையாவது பிடித்தாளா? ஒரு டம்ளர் தண்ணீர்? குழந்தையை? கதையில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு முதலில் கிடைத்த செயற்கைக் கால் அப்படிப்பட்டது. நிறம் அசல் தோல் மாதிரியே இருந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அதை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார முடியாது, ஈரத்தில் வைக்க முடியாது. ஒரு வருடம் நாற்காலியிலேயே வாழ்ந்தேன். பிறகு வந்தது ஜெய்ப்பூர் கால். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற டாக்டரும் 1960களின் கடைசியில் உருவாக்கிய ரப்பர் பாதம். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. ஆனால் சம்மணம் போடலாம், வெறுங்காலாக நடக்கலாம், சேற்றில் இறங்கலாம். வெள்ளிக் கையைச் செய்தவன் ராஜாவைக் கேட்டான், அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை என்பதுதான் என் முடிவு.

கடைசியில் காட்டில் ஏழு வருடம் இருந்தபின், அவளுடைய பக்திக்காகக் கடவுள் அருளால் கைகள் முளைத்துவிடுகின்றன. தேடி வந்த ராஜா, என் மனைவிக்கு வெள்ளிக் கை ஆயிற்றே என்று சந்தேகப்பட, தேவதை உள்ளேபோய் அந்த வெள்ளிக் கைகளை எடுத்து வந்து காட்டுகிறது. அடையாள அட்டை மாதிரி! எனக்கு இந்த முடிவு கசக்கிறது. பக்தி இருந்தால் முளைக்கும் என்றால், முளைக்காதவளுக்கு என்ன குறை? விபத்துக்குப் பிறகு எத்தனை பேர் வீட்டுக்கு வந்து எந்தெந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று பட்டியல் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நமக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டதுபோல' என்று நான் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறேன் என்றபோது தூரத்து மாமா ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பழமொழியைத் திரும்ப வாங்க முடியுமா?

சிண்ட்ரெல்லாவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 21ஆம் கதை. செருப்பு நுழைவதற்காக ஒரு சகோதரி கால் கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், மற்றவள் குதிகாலை. கத்தியைக் கொடுக்கும் தாய் சொல்லும் காரணம்: ராணியான பிறகு நடக்கவே வேண்டியிருக்காது. இதைவிடக் கொடூரமான நகைச்சுவையை நான் படித்ததில்லை. கடைசியில் புறாக்கள் சகோதரிகளின் கண்களைக் கொத்துவது 1812 பதிப்பில் கிடையாது, 1819இல் சேர்த்தார்கள். குருடாக்குவதை ஒரு தீர்ப்பாகப் பிறகு யோசித்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சகிக்கவில்லை. அண்ணன் மகளுக்கு அந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. 71ஆம் கதை, ஆறு பேர் உலகைச் சுற்றி வந்த கதை. போர் முடிந்து மூன்றே காசோடு அனுப்பப்பட்ட சிப்பாய் ஒருவன் வழியில் ஆட்களைச் சேர்க்கிறான். அதில் ஒருவன் ஒரு காலில் நிற்கிறான், இன்னொரு காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறான். என்னப்பா, ஓய்வெடுக்க நல்ல ஏற்பாடு செய்திருக்கிறாயே என்கிறான் சிப்பாய். அவன் பதில்: நான் ஓட்டக்காரன். இரண்டு காலோடும் ஓடினால் பறவையைவிட வேகமாகப் போய்விடுகிறேன், அதனால்தான் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

அண்ணன் மகள் கட்டிலில் எழுந்து நின்றுவிட்டாள். "அதனால்தான் நீயும் ராத்திரி கழற்றி வைக்கிறாயா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். இருபத்திரண்டு வருடத்தில் என் காலுக்கு இவ்வளவு நல்ல விளக்கத்தை யாரும் கொடுத்ததில்லை. பிறகு ராஜாவின் மகளோடு பந்தயம் வருகிறது. சிப்பாய் அவன் காலை வாரால் இறுக்கி மாட்டிவிடுகிறான். வார், கொக்கி எல்லாம் கதையிலேயே இருக்கிறது, மந்திரம் இல்லை. தினமும் காலையில் நான் பஞ்சுறையை இழுத்துவிட்டு, செயற்கைக் காலின் மேல்கிண்ணமான சாக்கெட்டில் காலை இறக்கி, வாரைப் போடும்போது அந்த ஓட்டக்காரன் ஞாபகம் வருகிறது. பாதி வழியில் அவன் குதிரை மண்டையோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுகிறான், சீக்கிரம் விழிப்பு வரட்டும் என்று. கால் கழற்றும் ஆளுக்குச் சோம்பலும் உண்டு. புண்ணியவானாக இருக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. மிகவும் பிடித்தது அதுதான்.

118ஆம் கதையான மூன்று ராணுவ மருத்துவர்களையும் தவற விடாதீர்கள். தங்கள் திறமையைக் காட்ட ஒருவர் தன் கையையும், ஒருவர் இதயத்தையும், ஒருவர் கண்களையும் எடுத்து வைத்துக் காலையில் திரும்பப் பொருத்துகிறோம் என்கிறார்கள். ராத்திரி பூனை தின்றுவிடுகிறது. பதிலுக்குத் திருடன் கை, பன்றி இதயம், பூனைக் கண். அப்புறம் நடப்பதை நீங்களே படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். லாரேயின் காலத்து மக்கள் தங்கள் மருத்துவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

ஆண்டர்சன் வேறு ஆள். கிரிம் கதைகளில் கால் பட்டென்று போகும், வலி கிடையாது. ஆண்டர்சனிடம் எல்லாம் வலிக்கும். 1805இல் டென்மார்க்கின் ஓடென்சேவில் பிறந்தவர், செருப்புத் தைப்பவரின் மகன். பாதத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் வேறு யாரும் உண்டா என்று தெரியவில்லை. 1837இல் வந்த குட்டிக் கடற்கன்னி கதையில், வாலுக்குப் பதில் கால் வாங்கியவள் ஒவ்வொரு அடியும் கூர்மையான கத்திமேல் வைப்பதாக உணர்கிறாள். புதுச் சாக்கெட் போட்ட முதல் மாதத்தில் எனக்கு இருந்தது அதுவேதான், ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. ஆனால் அவள் நாக்கையும் வெட்டிவிட்டதால் வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. சொல்லாமல் சிரித்துக்கொண்டே ஆடுபவள்தான் உயர்ந்தவள் என்று கதை நகரும்போது நான் விலகிவிட்டேன். பழைய சொந்தக்காரர் இந்தக் கதைக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

1845இல் வந்த சிவப்புச் செருப்பு இன்னும் மோசம். சர்ச்சுக்குச் சிவப்புச் செருப்பு போட்டுக்கொண்டு போன ஒரே குற்றத்துக்காக காரென் என்ற பெண் நிறுத்த முடியாமல் ஆடுகிறாள். கடைசியில் கொலைத் தண்டனை நிறைவேற்றுபவனிடம் போய்ப் பாதங்களை வெட்டச் சொல்கிறாள். அவன் வெட்டுகிறான், பிறகு மரப் பாதமும் ஊன்றுகோல்களும் செதுக்கிக் கொடுக்கிறான். வெட்டுப்பட்ட பாதங்கள் செருப்போடு தனியாக ஆடிக்கொண்டே போய் சர்ச் வாசலில் அவளை மறிக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வதை பாஸ்டன் நகரில் பொதுவில் செய்துகாட்டியதே 1846இல்தான், கதைக்கு அடுத்த வருடம். போன கால் ராத்திரியில் தனியாக அரிப்பதும் விரல் மடங்குவதும் எனக்குத் தெரியும். அதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த மனிதர், அதை ஒரு சிறுமிக்குத் தண்டனையாக ஏன் கொடுத்தார்? ஒரு செருப்புக்காகவா?

தகரச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. 1838. ஒரே பழைய தகரக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்கள், கடைசி ஆளுக்குத் தகரம் போதாமல் ஒற்றைக் கால். இது தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை. பொருள் போதவில்லை, அவ்வளவே. எதிரே காகிதக் கோட்டை வாசலில் நாட்டியக்காரி ஒரு காலை மிக உயரத் தூக்கி நிற்கிறாள். அவளுக்கும் தன்னைப்போல் ஒற்றைக் கால் என்று நினைத்துக்கொள்கிறான். பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே யாராவது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தால் என் கண் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காரணமே இல்லாமல் அவனை அடுப்பில் எறிவதும், தகரம் உருகி இதய வடிவில் மிஞ்சுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் மகளின் ஆட்சேபம் வேறு: "நொண்டி விளையாட்டுக்குச் சேர்த்திருந்தால் அவன்தானே ஜெயித்திருப்பான்?" யாரும் சேர்க்கவில்லை என்று சொன்னேன். வருத்தப்பட்டாள்.

1872இல், கடைசிக் காலத்தில் அவர் எழுதிய முடவன் என்ற கதையும் என் தொகுப்பில் இருக்கிறது. படுக்கையிலேயே கிடக்கும் ஹான்ஸ் என்ற பையனுக்குக் கதைப் புத்தகம் ஒன்று கிடைக்கிறது. முதலில் பெற்றோருக்கு அதில் நம்பிக்கையில்லை. அவன் படித்துக் காட்டக் காட்ட அவர்கள் மனம் மாறுகிறது. இந்த நடுப்பகுதி தங்கம், வீட்டின் மூளை கட்டிலில் கிடக்கிறது. பிறகு பறவைக் கூண்டின் மேல் பூனை பாய, பதறி எழுந்தவன் நடந்துவிடுகிறான். இங்கேயும் அதே 'சரியாவது'. கட்டிலிலிருந்தே படித்துக் காட்டிக்கொண்டிருந்தால் கதைக்கு என்ன குறைந்திருக்கும்?

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிரிம் வாங்கலாம், ஆனால் நான் வாங்கிய மாதிரிப் பதிப்பை வேண்டாம். ஹன்ட் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், எடையும் இல்லை. தாளில்தான் வேண்டும் என்றால் நூலால் தைத்த பதிப்பாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வரிசையாகப் படிக்காதீர்கள். 14, 71, 118 என்று தொடங்குங்கள். 31ஐ நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆண்டர்சனில் தகரச் சிப்பாய் போதும். கிரிமுக்கு ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை ஓட்டக்காரனுக்கு. ஆண்டர்சனுக்கு இரண்டு, அட்டைக்கும் தையலுக்கும் சேர்த்து.

போன வாரம் கிரிம் புத்தகத்தை அண்ணன் மகள் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டும் என்றாள். ஒன்றேகால் கிலோ, பை கிழியும் என்று அண்ணி தடுத்தார். அவள் 14ஆம் கதையின் தாள்களை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டாள். ஏற்கெனவே கழன்றுதான் இருந்தன. இன்னும் திரும்பி வரவில்லை.